ஊர் கூடி மின்சாரம் வாங்குதல்: மாசசூசெட்ஸ் ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஊர், தன் எல்லைக்குள் இருக்கும் வீடுகளும் சிறு கடைகளும் செலவழிக்கும் மின்சாரத்தை ஒன்றாகத் திரட்டி, ஒரே பெரிய வாடிக்கையாளராகச் சந்தைக்குப் போய்ப் போட்டி விலை கேட்கலாம். மாநிலச் சட்டத் தொகுப்பின் 164ஆம் அத்தியாயம், 134ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. எங்கள் ஊரின் ஆற்றல் குழுவில் தன்னார்வலராக இருந்து, முதல் தீர்மானம் முதல் முதல் பில் வரை இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பிறகு தொடங்கிய பக்கத்து ஊர்க் குழுக்கள் எங்களிடம் ஆலோசனை கேட்டபோது, எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள் என்பதையும் கண்டேன்.

இந்த மாநிலத்தில் வாழும் தமிழர்களில் பலர் இப்போது ஊர்க் குழுக்களில் இருக்கிறார்கள். குழுவில் இல்லாதவர்களுக்கும், இந்தத் திட்டம் பற்றி வீட்டுக்கு வரும் கடிதம் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள இது உதவும்.

1. உங்கள் ஊரால் இதைச் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள்

எவர்சோர்ஸ், நேஷனல் கிரிட், யூனிடில் ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களில் ஒன்று உங்கள் ஊருக்கு மின்சாரம் விநியோகிக்கிறது என்றால் மட்டுமே மேற்கொண்டு படியுங்கள். ஷ்ரூஸ்பரி, ரீடிங், கான்கார்ட், வெல்லெஸ்லி, லிட்டில்டன் போன்ற ஊர்களில் மின்கம்பிகளும் மின்விற்பனையும் நகராட்சி மின்துறையின் கையிலேயே இருக்கின்றன. மாநிலத்தில் இத்தகைய மின்துறைகள் 40-க்கு மேல் உண்டு. அங்கே வாடிக்கையாளர் வேறு வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இல்லாததால், கூட்டுக் கொள்முதல் என்ற கேள்வியே எழாது.

அடுத்து, உங்கள் ஊரில் இந்தத் திட்டம் ஏற்கெனவே நடக்கிறதா என்றும் பாருங்கள். கேப் காட் வட்டாரத்து ஊர்கள் 1997-இலேயே ஒன்றுசேர்ந்துவிட்டன. பாஸ்டன் மாநகரம் 2021-இல் தொடங்கியது. பல ஊர்களில் திட்டம் ஓடிக்கொண்டிருப்பது அங்கே குடியிருப்பவர்களுக்கே தெரிவதில்லை. புதிதாகத் தொடங்குவோம் என்று ஆர்வத்தோடு எழுந்த ஒருவரிடம், "உங்கள் பில்லின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள், நீங்கள் மூன்று வருடமாக அதில்தான் இருக்கிறீர்கள்" என்று நான் சொல்ல நேர்ந்தது.

2. மின் பில்லைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள்

குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்தாக வேண்டும். ஏனெனில் பின்னால் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் பிறக்கின்றன. பில்லில் இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. ஒன்று விநியோகக் கட்டணம்: கம்பிகள், கம்பங்கள், மின்மாற்றிகள், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கானது. மற்றொன்று வழங்கல் கட்டணம்: மின்சாரத்துக்கே கொடுக்கும் விலை. கூட்டுக் கொள்முதல் இரண்டாவதை மட்டுமே மாற்றுகிறது. விநியோகக் கட்டணம் ஏறினால் ஊர்த் திட்டத்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

எந்த வழங்குநரையும் தேர்ந்தெடுக்காதவருக்கு விநியோக நிறுவனமே மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கிறது. அதற்குப் பேசிக் சர்வீஸ் என்று பெயர். இதில் நிறுவனம் லாபம் வைப்பதில்லை. வாங்கிய செலவை அப்படியே வாடிக்கையாளரிடம் கடத்துகிறது. ஆனால் வீட்டு வாடிக்கையாளருக்கான அதன் விலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும். இந்த வட்டாரத்தில் மின் உற்பத்தி பெருமளவில் இயற்கை எரிவாயுவை நம்பியிருக்கிறது. குளிர்காலத்தில் அதே எரிவாயு வீடுகளைச் சூடாக்கவும் தேவைப்படுவதால், குழாய்களின் கொள்ளளவு போதாமல் விலை ஏறுகிறது. 2021-22 குளிர்காலத்தில் நேஷனல் கிரிட்டின் வீட்டு வாடிக்கையாளர் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, 14.821 சென்ட் கொடுத்தார். உக்ரைன் போரால் எரிவாயு விலை உயர்ந்திருந்த அடுத்த குளிர்காலத்தில் அது 33.891 சென்ட் ஆனது. மாதம் 600 யூனிட் செலவழிக்கும் வீட்டில், வழங்கல் கட்டணம் மட்டுமே சுமார் 89 டாலரிலிருந்து 203 டாலராக உயர்ந்தது.

கூட்டுக் கொள்முதலின் முதன்மையான பயன் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து ஓரளவு விடுபடுவதுதான். ஓராண்டோ மூன்றாண்டோ ஒரே விலை என்று இருந்தால், குடும்பம் தன் செலவைத் திட்டமிட முடியும். ஒவ்வொரு மாதமும் பேசிக் சர்வீஸைவிடக் குறைவாக இருக்கும் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது, தரவும் கூடாது. புதிய குழுக்கள் செய்யும் முதல் பிழையே துண்டறிக்கையில் "சேமியுங்கள்" என்று பெரிய எழுத்தில் போடுவதுதான். ஆறு மாதம் கழித்துப் பேசிக் சர்வீஸ் விலை இறங்கினால், அந்தத் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு மக்கள் வந்து நியாயமாகவே கேட்பார்கள்.

3. தீர்மானத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு முன் நான்கு விவரங்களைச் சேகரித்துக்கொள்ளுங்கள்: ஊரில் எத்தனை மீட்டர்கள் பேசிக் சர்வீஸில் இருக்கின்றன, எத்தனை பேர் ஏற்கெனவே தனியார் வழங்குநரிடம் போயிருக்கிறார்கள், கடந்த சில ஆண்டுகளின் பேசிக் சர்வீஸ் விலைகள், இதே அளவுள்ள இரண்டு மூன்று ஊர்கள் எந்த மாதத்தில் எவ்வளவு காலத்துக்கு என்ன விலையில் ஒப்பந்தம் செய்தன. கடைசி விவரத்தில் மாதத்தையும் ஒப்பந்தக் காலத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் ஒப்பீடு தவறாகிவிடும். காரணத்தை எட்டாம் படியில் சொல்கிறேன்.

இவற்றோடு, ஊர் நிர்வாகத்தில் இதற்குப் பொறுப்பேற்கப்போகும் ஓர் அலுவலர் யார் என்பதையும் உறுதிசெய்யுங்கள். தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒப்பந்தமோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

4. டவுன் மீட்டிங் தீர்மானம்

சட்டப்படி, ஊராக இருந்தால், வாக்காளர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ கூடி வாக்களிக்கும் டவுன் மீட்டிங்கிலோ, ஊர் மன்றத்திலோ பெரும்பான்மை வாக்கு வேண்டும். மாநகரமாக இருந்தால் மன்றத்தின் பெரும்பான்மையும் மேயரின் ஒப்புதலும் வேண்டும். இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்தும் தொடங்கலாம்.

டவுன் மீட்டிங்கின் நிகழ்ச்சி நிரலான வாரன்ட், கூட்டத்துக்குப் பல வாரங்கள் முன்பே மூடப்பட்டுவிடும். ஊரின் நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டு தானாகச் சேர்க்காவிட்டால், ஆண்டுக் கூட்டத்துக்குப் பதிவுபெற்ற வாக்காளர் 10 பேரும், சிறப்புக் கூட்டத்துக்கு 100 பேரும் கையெழுத்திட்டால் தீர்மானத்தைச் சேர்க்க வைக்கலாம். குடியுரிமை பெறாதவர்கள் இதில் கையெழுத்திடவோ வாக்களிக்கவோ முடியாது. ஆனால் பில் கட்டும் எல்லோரும் திட்டத்தில் இடம்பெறுவார்கள், குடியுரிமை அங்கே பார்க்கப்படுவதில்லை. எனவே நம்மவர்களில் வாக்குரிமை இல்லாதவர்களும் குழுக் கூட்டங்களில் கருத்துச் சொல்வது பொருத்தமானதே.

தீர்மானத்தின் வாசகத்தில் கவனம் தேவை. "செயல்முறையைத் தொடங்க அதிகாரம் அளிக்கப்படுகிறது" என்பதோடு நின்றுவிடாமல், ஒப்பந்தத்தில் ஊரின் சார்பாகக் கையெழுத்திடும் அதிகாரம் செலக்ட் போர்டுக்கும், அது நியமிக்கும் அலுவலருக்கும் உண்டு என்பதையும் சேர்த்துவிடுங்கள். விலைப்புள்ளி வரும் நாளில் இந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

கூட்டத்தில் நிச்சயம் வரும் கேள்வி: "இதற்கு எவ்வளவு வரிப்பணம்?" ஊரின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது, ஆலோசகரின் கட்டணம் மின்விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கும். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

5. ஆலோசகரைத் தேர்ந்தெடுத்தல்

மின்சந்தையைத் தினமும் பார்க்கும் ஒருவர் இல்லாமல் தன்னார்வலர்கள் மட்டும் இதை நடத்துவது நடைமுறையில் இயலாது. ஆலோசகர் திட்ட வரைவு எழுதுவார், மாநிலத் துறைகளிடம் மனு தாக்கல் செய்வார், வழங்குநர்களிடம் விலைப்புள்ளி வாங்குவார், வாடிக்கையாளர் தொலைபேசியைக் கவனிப்பார். இதற்கு வழக்கமாக யூனிட்டுக்கு 0.1 சென்ட் எடுத்துக்கொள்கிறார்கள். 600 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது மாதம் 60 சென்ட். கேட்கச் சிறிய தொகைதான்; ஆனால் 8,000 வீடுகள் கொண்ட ஊரில் ஆண்டுக்கு 57,600 டாலர் ஆகிறது. அவ்வளவு பணத்துக்கு என்னென்ன வேலை செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நேர்காணலில் எல்லோரும் கேட்பது, "நீங்கள் எத்தனை ஊர்களுக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்பதுதான். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் வேறு உண்டு. 2022 குளிர்காலத்தில் ஒப்பந்தம் முடிந்த ஊர் ஏதேனும் உங்களிடம் இருந்ததா, அப்போது என்ன செய்தீர்கள்? விலை சரியில்லை என்று சொல்லி ஓர் ஊரைக் காத்திருக்கச் சொன்னது உண்டா? ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் அவருக்கு வருமானம் என்பதால், காத்திருக்கச் சொல்லும் துணிவு அவரிடம் இருக்கிறதா என்பது முக்கியம்.

6. திட்ட வரைவும் மாநில அனுமதியும்

தீர்மானத்துக்குப் பிறகு, மாநில ஆற்றல் வளத் துறையைக் கலந்தாலோசித்துத் திட்டத்தை எழுத வேண்டும், ஊர் மக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல அதை வெளியிட வேண்டும், பிறகு, டி.பி.யு. என்று இங்கே எல்லோரும் அழைக்கும் பொதுப் பயன்பாட்டுத் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். டி.பி.யு. பொது விசாரணை நடத்தி அனுமதி தரும். இந்த வரிசை மாறக் கூடாது. மக்கள் பார்வைக்கு வைத்ததற்கான சான்று இல்லாமல் தாக்கல் செய்தால் கேள்விகள் திரும்பி வரும், மாதங்கள் ஓடும்.

எல்லோருக்கும் சேர வாய்ப்பு, தடையற்ற வழங்கல், எல்லா வகை வாடிக்கையாளர்களையும் சமமாக நடத்துதல் ஆகிய மூன்றுக்கும் திட்டம் உறுதி தர வேண்டும். அமைப்பு, செலவு, விலை நிர்ணயம், உரிமைகள், திட்டத்தை நிறுத்தும் முறை ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். 2024-இல் டி.பி.யு. நெறிமுறைகளையும் மாதிரித் திட்டப் படிவத்தையும் வெளியிட்டது. அதற்கு முன்பு ஓராண்டுக்கும் மேலாக அனுமதிக்குக் காத்திருந்த ஊர்கள் பல. எனவே வாசகத்தில் உங்கள் தனித்தன்மையைக் காட்ட முயலாமல், மாதிரிப் படிவத்தை ஒட்டியே எழுதுங்கள்.

தனித்தன்மை காட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு: புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் அளவு. 2025-இல் விற்ற மின்சாரத்தில் 27 சதவீதம், முதல் வகுப்பு என்று மாநிலம் வகைப்படுத்தும் காற்று, சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. 2029 வரை இது ஆண்டுக்கு 3 புள்ளிகள் ஏறும். ஊர் விரும்பினால், இத்தகைய மின்சாரம் உற்பத்தியானதற்கான சான்றிதழ்களை இதற்கு மேலும் வாங்கலாம். ஒரு சான்றிதழ் 1,000 யூனிட்டுக்குச் சமம். அதன் விலை 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக 10 சதவீதம் சேர்க்க யூனிட்டுக்கு 0.4 சென்ட் ஆகும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான் எங்கள் குழுவில் ஒரு மாதமாக நடந்த வாதம் அடங்கியது. அதுவரை ஒரு தரப்பு இலவசம் என்றும் மறுதரப்பு கட்டுப்படியாகாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தது.

பெரும்பாலான ஊர்கள் மூன்று தெரிவுகள் வைக்கின்றன: மாநிலக் குறைந்தபட்சம் மட்டும் உள்ள மலிவான தெரிவு, சற்றுக் கூடுதலான பொதுத் தெரிவு, 100 சதவீதத் தெரிவு. எதுவும் சொல்லாதவர் பொதுத் தெரிவில்தான் சேர்க்கப்படுவார். ஆகவே அந்த நடுத் தெரிவின் விலைதான் ஊரின் விலை. மாதக் கடைசியில் பணத்தை எண்ணிப் பார்த்து பில் கட்டும் குடும்பத்தை மனத்தில் வைத்து அதை முடிவுசெய்யுங்கள்.

7. விலை கேட்பதற்கு முன்பே ஒப்பந்தத்தை வாசித்து முடியுங்கள்

விலைப்புள்ளி நாளில் ஒப்பந்த வாசகத்தைப் பேசித் தீர்க்க நேரம் இருக்காது. எனவே ஊரின் வழக்கறிஞரும் வழங்குநர்களும் முன்கூட்டியே வாசகத்தை ஒப்புக்கொண்டு, விலைக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டுவைக்க வேண்டும்.

நான் நேரம் செலவிடச் சொல்வது சட்ட மாற்றம் பற்றிய பிரிவில். நிலையான விலை என்று போட்டிருந்தாலும், ஒப்பந்தத்துக்குப் பிறகு சட்டமோ, மின்கட்டமைப்பை நடத்தும் ஐ.எஸ்.ஓ. நியூ இங்கிலாந்தின் விதியோ மாறிச் செலவு கூடினால், வழங்குநர் அதை வாடிக்கையாளர் மேல் ஏற்றலாம் என்று அந்தப் பிரிவு சொல்லும். இதை முழுவதுமாக நீக்கச் சொன்னால் விலைப்புள்ளி கொடுக்க ஆள் வராது. ஆனால் எந்த மாற்றங்கள் கணக்கில் வரும், செலவை எப்படி நிரூபிக்க வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், செலவு குறைந்தால் விலையையும் குறைப்பார்களா என்பவற்றை எழுதிவைக்கலாம். கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

எந்த நேரத்திலும் அபராதமின்றி விலகும் உரிமை, இடையில் ஊருக்குக் குடிவருபவருக்கு என்ன விலை, கடிதங்களை அச்சிட்டு அனுப்பும் செலவு யாருடையது ஆகியவையும் தெளிவாக இருக்க வேண்டும்.

8. விலைப்புள்ளி நாள்

மொத்தச் சந்தையில் விலை நாள் முழுவதும் மாறிக்கொண்டிருப்பதால், வழங்குநர் கொடுக்கும் இறுதி விலை சில மணிநேரமே செல்லும். காலையில் வரும், பிற்பகலுக்குள் கையெழுத்திட வேண்டும். அன்று செலக்ட் போர்டைக் கூட்டலாம் என்று நினைக்காதீர்கள். பொதுக் கூட்டத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும் என்பது சட்டம். ஆகவே இந்த நாளுக்கு முன்பே போர்டு கூடி, எந்த விலைக்குள் இருந்தால், எத்தனை மாதத்துக்கு, யார் கையெழுத்திடலாம் என்று முடிவு செய்து எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் முதல் விலைப்புள்ளி நாளில் அதிகாரம் பெற்ற அலுவலர் விடுப்பில் வெளியூர் போயிருந்தார். அவருக்கு மாற்றாக யாரையும் நாங்கள் நியமித்திருக்கவில்லை. திரையில் நல்ல விலை தெரிந்துகொண்டிருக்க, மூன்று பேர் மாறி மாறித் தொலைபேசியில் அவரைத் தேடினோம். மணி மூன்றைத் தாண்டியது, விலை காலாவதியானது. இரண்டு வாரம் கழித்து வேறு விலையில்தான் கையெழுத்தானது. அதன் பிறகு நான் எந்தக் குழுவிடம் பேசினாலும், கையெழுத்திட இரண்டு பேர் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

விலைகளை ஒப்பிடும்போது, ஒப்பந்தக் காலத்துக்குள் எத்தனை குளிர்காலங்கள் அடங்குகின்றன என்று எண்ணுங்கள். நவம்பரில் தொடங்கும் 18 மாத ஒப்பந்தத்தில் இரண்டு குளிர்காலங்கள் உண்டு. மே மாதத்தில் தொடங்கும் 18 மாத ஒப்பந்தத்தில் ஒன்றுதான். முதலாவதன் விலை கூடுதலாக இருப்பது இயல்பே. இதைக் கவனிக்காமல், "பக்கத்து ஊருக்கு மட்டும் எப்படி மலிவாகக் கிடைத்தது?" என்று ஆலோசகரைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. 12, 24, 36 மாத விலைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் வராது. மூன்றாம் படியில் மாதத்தையும் காலத்தையும் எழுதச் சொன்னதும் இதற்காகவே.

பேசிக் சர்வீஸோடு ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது அதன் ஆறு மாத விலைதான். அடுத்த ஆறு மாதம் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. கோடை விலையோடு ஒப்பிட்டு ஒப்பந்தத்தை நிராகரித்துவிட்டுக் குளிர்காலத்தில் வருந்தக் கூடாது.

அன்று வந்த எந்த விலையும் போர்டு விதித்த வரம்புக்குள் இல்லையென்றால், கையெழுத்திடாமல் எழுந்துவிடுங்கள். டி.பி.யு. அனுமதி அப்படியே இருக்கும், மறுபடி கேட்கலாம்.

9. விலகல் கடிதம்

இந்த வேலையில் மிகுந்த அக்கறையோடு செய்ய வேண்டிய படி இதுதான். பேசிக் சர்வீஸில் இருக்கும் ஒவ்வொருவரும், வேண்டாம் என்று சொல்லாவிட்டால், தானாகவே திட்டத்தில் சேர்ந்துவிடுவார். அப்படி மக்களை மொத்தமாகச் சேர்ப்பதால்தான் வழங்குநர்கள் போட்டியிட்டு விலை தருகிறார்கள். அதே காரணத்தால்தான், தெரியாமல் சேர்க்கப்பட்டோம் என்ற மனக்குறை யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்ளும் கடமை ஊருக்கு இருக்கிறது.

கடிதத்தில் புதிய விலை, பேசிக் சர்வீஸ் விலை, காலம், எல்லாக் கட்டணங்களும், அபராதமின்றி விலகலாம் என்ற உறுதி ஆகியவை பளிச்சென்று தெரிய வேண்டும். தபால்தலை தேவைப்படாத பதில் அட்டை உள்ளே இருக்க வேண்டும். பதிலுக்கு 30 நாள் அவகாசம். தபால் போக்குவரத்தையும் சேர்த்து வழக்கமாக 36 நாள் கணக்கிடுகிறார்கள். அதற்குப் பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

உறையின் மேல் ஊரின் முத்திரையும் "ஊர் நிர்வாகத்திடமிருந்து" என்ற வாசகமும் இல்லாவிட்டால், விளம்பரத் தபால் என்று நினைத்துப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவார்கள். கடிதம் வீட்டுக்கு வரும் வாரத்துக்கு முன்னும் பின்னும் நூலகத்தில், முதியோர் மையத்தில், வழிபாட்டுத் தலங்களில் விளக்கக் கூட்டம் வையுங்கள். ஊரில் பேசப்படும் மொழிகளில் ஒரு தாளை உள்ளே வைப்பதும் அவசியம்.

நூலகத்தில் நாங்கள் போட்ட மேசைக்கு ஒரு தமிழ்ப் பெரியவர் மடித்த கடிதத்தோடு வந்தார். "தம்பி, நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே, என்னை எப்படிச் சேர்த்தீங்க?" என்று கேட்டார். "ஐயா, நீங்க கேக்கறது நியாயம். இந்த அட்டையில கையெழுத்துப் போட்டு அனுப்பினா சேர்க்க மாட்டாங்க, இப்பவே முடிவு பண்ண வேண்டாம், மகனோட சேர்ந்து பில்லைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். அவர் பில்லை எடுத்து விரித்தார். அவரோ ஏற்கெனவே வாசலில் வந்து பேசிய ஒரு விற்பனையாளரிடம் கையெழுத்திட்டுத் தனியார் வழங்குநருக்கு மாறியிருந்தார். பேசிக் சர்வீஸைவிடக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கடிதம் வந்தது, பழைய வாடிக்கையாளர் பட்டியலை வைத்து அனுப்பியதால் நேர்ந்த பிழை. தனியார் வழங்குநரிடம் இருப்பவர்கள் தானாகச் சேர்க்கப்படுவதில்லை. சேர விரும்பினால், அந்த ஒப்பந்தத்தை முறிக்க அபராதம் உண்டா என்று பார்த்துவிட்டு அவர்களே கேட்டுச் சேர வேண்டும்.

வீடு வீடாக வரும் விற்பனையாளர்களைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் சொல்லுங்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2018 முதல் வெளியிட்ட அறிக்கைகள், தனித்தனியாகப் போட்டி வழங்குநரிடம் போன வீட்டு வாடிக்கையாளர்கள் மொத்தத்தில் பேசிக் சர்வீஸைவிட அதிகம் கட்டியிருப்பதைக் காட்டுகின்றன. ஊர்த் திட்டம் தொடங்கும் சமயத்தில், "ஊர்த் திட்டத்திலிருந்து வருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு சிலர் கதவைத் தட்டுவதுண்டு. ஊர்த் திட்டத்தில் சேர யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை, உங்கள் பில்லைப் பார்க்க வேண்டியதில்லை, கணக்கு எண்ணைக் கேட்க வேண்டியதில்லை. பில்லைக் காட்டச் சொன்னால் கதவைச் சாத்திவிடலாம் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

10. மாறும் மாதம்

விலகாதவர்களின் கணக்கு, அடுத்த மீட்டர் கணக்கெடுப்பு நாளில் மாறும். ஒரு தெருவில் 5ஆம் தேதி, அடுத்த தெருவில் 22ஆம் தேதி என்று அது வேறுபடுவதால், "அவங்களுக்கு மாறிடுச்சு, எங்களுக்கு ஏன் மாறலை?" என்ற அழைப்புகள் வரும். புதிய விலை முழுமையாகத் தெரிவது அதற்கு அடுத்த பில்லில்தான்.

பில் அதே விநியோக நிறுவனத்திடமிருந்தே வரும். வழங்கல் பகுதியில் மட்டும் புதிய வழங்குநரின் பெயர் இருக்கும். மின்வெட்டு ஏற்பட்டால் அழைக்க வேண்டிய எண்ணும் மாறாது. குறைந்த வருமானத்தினருக்கான தள்ளுபடியும், மாதத் தவணையைச் சமமாக்கும் ஏற்பாடும் தொடரும். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர், மிஞ்சிய மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பில்லில் பெறும் நெட் மீட்டரிங் வரவு பேசிக் சர்வீஸ் விலையை வைத்தே கணக்கிடப்படுவதால், திட்டத்தில் சேர்ந்ததால் அது குறையாது.

தவறவிடப்படும் ஒன்று வரிவிலக்கு. கோயில், தேவாலயம், தொண்டு நிறுவனம் போன்றவை விற்பனை வரிவிலக்குச் சான்றிதழைப் புதிய வழங்குநருக்குத் தாமே அனுப்ப வேண்டும். விநியோக நிறுவனத்திடம் இருப்பது தானாகப் போய்ச் சேராது. அனுப்பாவிட்டால் வழங்கல் கட்டணத்தின் மேல் 6.25 சதவீத வரி பில்லில் ஏறிவிடும். ஊரில் உள்ள இத்தகைய அமைப்புகளின் பட்டியலை முன்பே தயாரித்து, ஒவ்வொன்றையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அரை நாளில் முடிந்த வேலை அது.

11. ஒப்பந்தம் ஓடும்போதும் முடியும்போதும்

ஊருக்குப் புதிதாகக் குடிவருபவர் முதலில் பேசிக் சர்வீஸில்தான் இருப்பார். அவருக்கும் விலகல் கடிதம் அனுப்பி, அவகாசம் கொடுத்த பிறகே சேர்க்க முடியும். இந்தக் கடிதங்கள் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை போகின்றன என்று ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். வாடகை வீடுகள் மிகுந்த ஊரில் இதை விட்டுவிட்டால், இரண்டே ஆண்டில் திட்டத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துவிடும். அடுத்த விலைப்புள்ளியில் அது தெரியும்.

அடுத்த ஒப்பந்தத்துக்கான வேலையை, இப்போதைய ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். முன்கூட்டியே தொடங்கினால் சந்தை இறங்கும் ஒரு வாரத்துக்குக் காத்திருக்க முடியும். கடைசி மாதத்தில் தொடங்கினால் அன்றைய விலைதான் உங்கள் விலை. முடியும் தேதியை டிசம்பர், ஜனவரிக்குள் விழாமல் வைத்துக்கொள்வதும் நல்லது. விலை மாறும்போது ஏற்கெனவே திட்டத்தில் இருப்பவர்களுக்கும் முன்னறிவிப்புப் போக வேண்டும்.

விலை ஏறியே நிற்கிறது என்றால், ஆறு மாதத்துக்குக் குறுகிய ஒப்பந்தம் செய்யலாம். அல்லது எல்லோரையும் தற்காலிகமாகப் பேசிக் சர்வீஸுக்குத் திருப்பி அனுப்பலாம். இரண்டாவதைத் தேர்ந்தால், எந்த மீட்டர் கணக்கெடுப்பிலிருந்து திரும்புகிறார்கள் என்பதை விநியோக நிறுவனத்திடம் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். திட்டத்தை மறுபடி தொடங்கும்போது எல்லோருக்கும் புதிதாக விலகல் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், அதற்கான வாரங்களையும் காலண்டரில் இப்போதே ஒதுக்கிவையுங்கள்.